இமயமலைப் புல்வெளிகளில் பல நாள் நடைப்பயணம்

இமயமலையில் காடு முடியும் உயரத்துக்கும் நிலையான பனி தொடங்கும் உயரத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் புல்வெளிகள் உயர்மலைப் புல்வெளிகள் எனப்படும். உத்தராகண்ட் மாநிலத்தின் கட்வால், குமாவுன் பகுதி மக்கள் இவற்றைப் ‘புக்யால்’ என்கின்றனர். காஷ்மீரில் இத்தகைய நிலத்துக்கு ‘மர்க்’ என்று பெயர். சோன்மர்க், குல்மர்க் என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பது இச்சொல்லே. படுக்கை, உடை, உணவு ஆகியவற்றை முதுகுப்பையில் சுமந்துகொண்டு இப்புல்வெளிகளின் வழியே மூன்று நாள் முதல் ஏழெட்டு நாள் வரை நடந்து செல்வது இன்று கல்லூரி மாணவர்களிடையேயும் பணியில் இருக்கும் இளைஞர்களிடையேயும் பரவி வருகிறது.

பெரம்பலூரும் அரியலூரும் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ள ஊர்கள். அங்கிருந்து புறப்படும் ஒருவர் நான்கைந்து நாட்களுக்குள் 3,500 மீட்டர் உயரத்தில் நிற்பார். அந்த உயரம் அவர் உடலுக்குப் புதிது. அவர் காலடியில் உள்ள புல்லுக்கோ மனிதக் கூட்டம் புதிது. இரண்டுக்கும் தாங்கும் எல்லை உண்டு என்பதை அறியாமல் சென்றதால் உயிரிழந்தோரும் உள்ளனர், சிதைந்த புல்வெளிகளும் உள்ளன.

மரம் ஏன் நின்றுவிடுகிறது

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. மேற்கு இமயத்தில் சுமார் 3,300 முதல் 3,600 மீட்டருக்கு மேல், ஒரு மரம் தண்டு பருத்து வளரத் தேவையான வெப்பம் ஆண்டில் போதிய நாட்கள் கிடைப்பதில்லை. கருவாலி மரங்களும், முற்காலத்தில் பட்டையில் நூல் எழுதப் பயன்பட்ட பூர்ஜ மரமும் அங்கே குட்டையாகி, வளைந்து, பின் அறவே இல்லாமல் போகின்றன. அந்த இடத்துக்கு மர எல்லை என்று பெயர். அதற்கு மேலே புல்லும் சிறு பூண்டுகளும் மட்டுமே.

அந்தப் பூண்டுகளின் வாழ்க்கை முறை கவனிக்கத் தக்கது. ஆண்டில் பாதிக்கு மேல் பனிக்கு அடியில் கிடந்துவிட்டு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்துக்குள் முளைத்து, பூத்து, விதை தூவி முடிக்க வேண்டும். ஆகவே பல செடிகள் தம் செல்வத்தைத் தரைக்கு மேலே வைப்பதில்லை. வேரிலும் கிழங்கிலும் சேமித்து வைக்கின்றன. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அதிவிடயம், கடுகுரோகிணி, சடாமாஞ்சில் மூன்றும் இவ்வாறு இமயத்தின் உயரங்களில் விளையும் வேர், கிழங்கு வகைகளே. பெரம்பலூர் கடைத்தெருவில் காகிதப் பொட்டலத்தில் கிடைக்கும் இவற்றுக்கும் புக்யாலுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. வேரைத் தோண்டினால் செடி போய்விடும் என்பதால் காட்டில் இவை குறைந்து வருகின்றன. சடாமாஞ்சில், அழியும் நிலைக்கு மிக அருகில் உள்ள தாவரமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

தமிழகத்திலும் மலைப்புல்வெளிகள் உண்டு. நீலகிரியின் முக்குருத்தி, ஆனைமலையின் புல்மலை ஆகியன அவற்றுள் சில. ஆனால் அவை உயர்மலைப் புல்வெளிகள் ஆகா. தென்னகத்தின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்; இமயத்தில் அந்த உயரத்தில் அடர்ந்த காடு நிற்கும். நீலகிரியில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லும் கலந்து இருப்பதற்கு இரவு உறைபனி, காற்று, மண்ணின் ஆழம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எனினும் இரு நிலங்களுக்கும் உறவு உண்டு. இமயச் சரிவுகளில் செந்நிறமாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தின் உடன்பிறப்பு நீலகிரியில் காட்டுப்பூவரசு என்ற பெயரில் நிற்கிறது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கும் அங்கே ஓர் இமய உறவினர் உண்டு.

‘கோடை’ என்னும் குழப்பம்

தமிழகத்தில் கோடை என்றால் ஏப்ரல், மே. பள்ளி, கல்லூரி விடுமுறையும் அப்போதே. புக்யாலின் கோடை அதுவன்று. மே மாதத் தொடக்கத்தில் பல புக்யால்களில் பனி முழுவதும் உருகியிருக்காது. உருகிய இடங்களில் சென்ற ஆண்டின் புல் பழுப்பு நிறத்தில் படிந்து கிடக்கும். பசுமை ஜூனில் வருகிறது. பூக்கள் திரளாக மலர்வது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அதாவது பருவமழையின் நடுவே. படங்களில் காணும் பூக்கம்பளத்தை எதிர்பார்த்து மே விடுமுறையில் செல்வோர் ஏமாற்றம் அடைவது இதனால்தான்.

மழைக்காலத்தில் சென்றால் பூவைக் காணலாம். ஆனால் உத்தராகண்ட் மலைச்சாலைகளில் மண்சரிவு ஏற்பட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ பாதை அடைபடுவது அப்போது வழக்கம். திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாட்களையாவது வெறுமனே விட்டுவைப்பது நல்லது. மழை மறைவுப் பகுதிகளைக் கொண்ட காஷ்மீரில் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். பூ வேண்டாம், தெளிவான வானமும் சிகரக் காட்சியும் போதும் என்பவருக்குச் செப்டம்பர் பிற்பகுதியே சிறந்தது. அப்போது புல் பொன்னிறமாகத் தொடங்கியிருக்கும்.

அறியப்பட்ட சில வழித்தடங்கள்

முதன்முறை செல்வோர்க்கு உத்தரகாசி மாவட்டத்துத் தயாரா புக்யால் ஏற்றது. பார்சு, ரைத்தல் ஆகிய சிற்றூர்களிலிருந்து காட்டின் வழியே ஏறி, 3,000 மீட்டருக்கு மேல் விரியும் புல்வெளியை அடைந்து, நான்கு நாட்களுக்குள் இறங்கிவிடலாம். எதிரே 6,316 மீட்டர் உயரமுள்ள பந்தர்பூஞ்ச் சிகரம் தெரியும். ரைத்தல் ஊரார் கோடை முழுவதும் மாடுகளை இங்கே மேய்த்துவிட்டு, ஆகஸ்ட் நடுவில் கீழே ஓட்டிச் செல்லும் முன் அண்டூரி என்னும் விழாவை நடத்துகின்றனர். வண்ணப்பொடிக்கு மாறாக மோரும் வெண்ணெயும் பூசி ஆடும் விழா அது. மேய்ச்சல் நிலத்துக்கு நன்றி சொல்லும் வகையில் நம் மாட்டுப்பொங்கலோடு ஒப்பிடத்தக்கது.

சமோலி மாவட்டத்துப் பூக்களின் பள்ளத்தாக்கு உலகப் புகழ் பெற்றது. 1931இல் காமெட் சிகரத்திலிருந்து திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறியும் அவர் தோழர்களும் வழிமாறி இறங்கியபோது இதைக் கண்டனர். ஸ்மைத் 1937இல் மீண்டும் வந்து தங்கி, அடுத்த ஆண்டு இதைப் பற்றி நூல் எழுதினார். 1939இல் தாவரம் திரட்ட வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி பாறையில் வழுக்கி இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்குக்குள்ளேயே உள்ளது. 1982இல் தேசியப் பூங்காவாகவும், 2005இல் நந்தாதேவிப் பூங்காவோடு சேர்த்து உலக மரபிடமாகவும் அறிவிக்கப்பட்டது. உள்ளே யாரும் இரவு தங்க முடியாது. சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள காங்கரியா என்ற சிற்றூரில் தங்கி, பகலில் சென்று மாலைக்குள் திரும்ப வேண்டும். கூடாரம் சுமக்காமல் பல நாள் நடக்க விரும்புவோர்க்கு இது பொருத்தமானது.

காஷ்மீரில் சோன்மர்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடியும் ஏரிகள் வழித்தடம் ஆறேழு நாள் நடை. விஷன்சர், கிருஷன்சர், கட்சர், கங்காபல் ஆகிய ஏரிகளைப் புல்வெளிகள் இணைக்கின்றன. இடையே 4,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் குறுக்கிடுவதால் இதை முதல் பயணமாகத் தேர்ந்தெடுப்பது சரியன்று.

மெலிந்த காற்று

குளிர்காலத்தில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. திபெத், மங்கோலியா, லடாக் பகுதிகளின் உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டித் தெற்கே வரும் பறவைகள் இவை. 7,000 மீட்டருக்கு மேலும் இவை பறந்ததை ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பதிவு செய்துள்ளனர். இவற்றின் குருதியில் உள்ள ஈமோகுளோபின், மற்றப் பறவைகளுடையதைக் காட்டிலும் உயிர்வளியை இறுகப் பற்றும் தன்மை கொண்டது. மனிதனுக்கு அந்த வசதி பிறவியில் இல்லை. 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறைவு. உடல் மூச்சின் வேகத்தைக் கூட்டி, சிறுநீரகத்தின் வழியே குருதியின் காரத் தன்மையைச் சரிசெய்து, மெல்ல மெல்லப் பழகுகிறது. அதற்கு நாட்கள் தேவை.

நாள் தராமல் ஏறுவோர்க்கு வருவது உயர நோய். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அளவுமீறிய களைப்பு ஆகியன தொடக்க அறிகுறிகள். பலர் இதைப் பேருந்துப் பயணத்தின் அலுப்பு என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தள்ளிவிடுகின்றனர். சமவெளியிலிருந்து வந்தவருக்கு அந்த உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை உயர நோய் என்றே கொள்வது மருத்துவர்கள் சொல்லும் விதி. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. அங்கேயே ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்க வேண்டும்.

இது முற்றினால் இரு வடிவங்களில் உயிரைப் பறிக்கும். ஒன்று நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், சளியில் நுரையோ சிவப்போ தெரியும். மற்றது மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், மனம் குழம்பும். ஒருவரின் குதிகாலும் மறுகாலின் விரலும் ஒட்டுமாறு நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனை. நடக்க முடியாமல் சாய்ந்தால் பொழுது விடியக் காத்திருக்காமல், துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். இறக்கம்தான் முதல் மருந்து, மற்றவை துணை.

தடுப்பு முறை எளிது. 3,000 மீட்டருக்கு மேல், முந்திய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மிகாத உயரத்தில் அடுத்த இரவு தூங்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் அதைவிட உயர ஏறி இறங்குவதில் தவறில்லை. இதற்கென உள்ள மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சல்பா வகை மருந்து ஒவ்வாதவர் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். உடல் வலிமைக்கும் உயர நோய்க்கும் தொடர்பில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓட்டப்பந்தய வீரர் முதலில் விழுவதும், நிதானமாக நடந்த நடுவயதுக்காரர் நலமாகச் சென்று திரும்புவதும் அங்கே காணக்கூடியவை. விளையாட்டு வீரர் தம் வேகத்தை நம்பி விரைந்து ஏறிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

குளிரும் காற்றும்

2024 ஜூன் தொடக்கத்தில், கர்நாடகத்திலிருந்து சென்ற 22 பேர் கொண்ட குழு, உத்தரகாசி மாவட்டத்தின் சகஸ்திர தால் என்ற உயர்மலை ஏரிப் பாதையில் திரும்பும்போது கடும் காற்றிலும் பனிப்பொழிவிலும் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தனர். மற்றவர்களை மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்டன. தென்னிந்தியாவில் வெயிலின் கடுமை தணியாத அதே நாட்களில் இது நிகழ்ந்தது. 4,000 மீட்டருக்கு மேல் ‘கோடை’ என்ற சொல் எந்த உறுதியும் தருவதில்லை.

மர எல்லைக்கு மேலே ஒதுங்க ஒரு மரம் இல்லை. காற்று தடையின்றி வீசும். நனைந்த உடையோடு அந்தக் காற்றில் நிற்பவரின் உடல்வெப்பம் வெகு விரைவில் இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு சொல் தடுமாறும், விரல் பொத்தானைப் போட மறுக்கும், அதன்பின் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதை நலம் என்று எண்ணிவிடக் கூடாது. அதுவே ஆபத்தின் முற்றிய நிலை. காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுசென்று, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் தூக்கப்பையும் போர்த்தி, விழுங்கக் கூடியவருக்குச் சர்க்கரை கலந்த சூடான பானம் கொடுக்க வேண்டும். மது கொடுத்தால் வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும்.

இதனால்தான் பருத்தி உடை அங்கே பகை. நம் வெயிலுக்கு உகந்த பனியனும் ஜீன்சும் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உலர மறுக்கும். உடலை ஒட்டிச் செயற்கை இழையாலோ கம்பளியாலோ ஆன உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என அடுக்குகளாக அணிவது முறை. நடக்கும்போது கழற்றி, நின்றவுடன் போட்டுக்கொள்ள வேண்டும். தூங்குவதற்கென்றே ஒரு சோடி உடையையும் காலுறையையும் நனையாத பையில் தனியே வைத்து, என்ன நேர்ந்தாலும் பகலில் அதைத் தொடாமல் இருப்பது பழகியவர்களின் வழக்கம்.

மின்னல் இன்னோர் ஆபத்து. வெட்டவெளியில் மனிதனே உயரமான பொருள். பெரும்பாலும் பிற்பகலில் மேகம் திரள்வதால், விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் முகட்டையோ கணவாயையோ கடந்துவிடுவதே மலைவாசிகளின் நடைமுறை.

சுமை, உணவு

முழுச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவர் 12 கிலோ வரை சுமக்கலாம். கனமான பொருள் முதுகை ஒட்டியும் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழேயும் இருக்க வேண்டும். இடுப்புப்பட்டை இறுக்கமாக இருந்தால் எடை தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்குவது பயனற்றது. பத்துக் கிலோ அரிசியை உள்ளே வைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். காலணியைப் பயணத்துக்காகப் புதிதாக வாங்கி அன்றே அணியக் கூடாது.

உயரத்தில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. 3,500 மீட்டரில் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரமாகும், எரிபொருளும் தீரும். குக்கர் இல்லாத குழுக்கள் அவல், ரவை, சத்துமாவு போன்ற விரைவில் வேகும் பொருள்களையே நம்பலாம். நடக்கும்போது கடலைமிட்டாய், பேரீச்சை, பொரிகடலை கை கொடுக்கும். பசி தெரியாவிட்டாலும் நேரத்துக்கு உண்ண வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் நீர் அருந்த வேண்டும்.

பெரம்பலூர், அரியலூரில் பயிற்சி

பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ள பச்சைமலை 500 முதல் 1,000 மீட்டர் அளவே உயரமுடையது. உயரத்துக்கு உடலைப் பழக்க அது உதவாது. ஆனால் காலுக்கும் முதுகுக்கும் பயிற்சி தர நன்கு உதவும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, மலையாளப்பட்டி, லாடபுரம் போன்ற அடிவார ஊர்ப் பக்கங்களில் வாரம் ஒரு நாள் சுமையோடு நடந்து பழகலாம். இறக்கத்தில் முழங்கால் படும் பாட்டை ஏற்றம் கற்றுத் தராது என்பதால் இறங்கியும் பழக வேண்டும். அரியலூர்ப் பக்கம் மலை இல்லை. அங்கே கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரிக் கரை போன்ற நீண்ட ஏரிக்கரைகளில் தூரநடையும், மாடிப்படிகளில் ஏற்றமும் பழகலாம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் நடப்பதைவிட, அடுத்தடுத்த இரண்டு நாட்கள் நடந்து பார்ப்பது நல்ல சோதனை. பல நாள் பயணத்தில் மனிதனை வருத்துவது இரண்டாம் நாள் காலைதான்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேற்றம் சென்ற இரு குழுவினர் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தையும் தொடங்கியது. வழிகாட்டியோடு செல்லும் அத்தடங்கள் இமயத்துக்கு முன் ஒரு நல்ல படிக்கட்டு.

பெரம்பலூர் நகருக்கு ரயில் பாதை இல்லை. விழுப்புரம்–திருச்சி வழித்தடத்தில் உள்ள அரியலூரே அருகிலுள்ள முக்கிய நிலையங்களுள் ஒன்று. சென்னை, தில்லி வழியாக அரித்துவார் அல்லது தேராதூன் சென்று, அங்கிருந்து ஒரு முழு நாள் மலைச்சாலையில் சென்றால் உத்தரகாசிப் பக்கத்து ஊர்களை அடையலாம். ரயிலில் செல்வோர்க்கு இதில் ஒரு மறைமுக நன்மை உண்டு. விமானத்தில் சென்று மறுநாளே மலையேறுவோரைவிட இவர்கள் பொறுமையாக உயரத்தை அடைகின்றனர்.

பேத்னி புக்யாலும் நீதிமன்றமும்

சமோலி மாவட்டத்தில் வான் என்னும் ஊருக்கு மேலே பேத்னி, ஆலி என்னும் இரு புக்யால்கள் அடுத்தடுத்து உள்ளன. பேத்னியின் உயரம் சுமார் 3,350 மீட்டர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடைபெறும் நந்தாதேவி ராஜ ஜாத் என்ற பெருநடைப்பயணம் இவ்வழியே செல்லும். கடைசியாக அது 2014இல் நடந்தது. இவ்வழியில் 5,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது ரூப்குண்ட் ஏரி. 1942இல் ஒரு வனச்சரகர் அங்கே நூற்றுக்கணக்கான மனித எலும்புகளைக் கண்டார். 2019இல் வெளியான மரபணு ஆய்வு 38 பேரின் எலும்புகளைச் சோதித்தது. அவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர் என்றும், சிலர் சுமார் கி.பி. 800ஐ ஒட்டியும், மத்தியதரைக் கடற்பகுதி மரபினர் உள்ளிட்ட வேறு சிலர் சுமார் 1800ஐ ஒட்டியும் இறந்தவர்கள் என்றும் அது காட்டியது. இந்தப் புதிர் மக்களை ஈர்க்க, ரூப்குண்ட் நாட்டின் புகழ்பெற்ற நடைப்பயணமாயிற்று. அதன் கூட்டம் முழுவதும் இரவு தங்கிய இடம் பேத்னி.

மலைப்புல்லின் வேர்ப்பின்னல் ஒரு பாய் போன்றது. பாய் கிழியாதவரை மழையும் உருகும் பனியும் அதன்மேல் வழுக்கி ஓடும். கூடாரத்தின் அடித்துணி நாள்கணக்கில் மூடிக் கிடந்தால் அடியில் உள்ள புல் வெளுத்துச் சாகிறது. மழைநீர் உள்ளே வராமல் இருக்கக் கூடாரத்தைச் சுற்றி வெட்டும் வாய்க்கால் பாயை அறுக்கிறது. சுமை தூக்கும் கோவேறு கழுதையின் குளம்பு ஈர மண்ணில் ஆழப் பதிகிறது. ஒருவர் பின் ஒருவராக நடந்த தடம் சேறானதும் அடுத்தவர் ஓரத்தில் நடக்கிறார். ஒற்றைத் தடம் ஐந்தாகப் பிரிகிறது. பாய் கிழிந்த இடத்தில் உறைபனி மண்ணைத் தளர்த்த, மழை அதை அடித்துச் செல்ல, சில ஆண்டுகளில் அது ஓடையாகிவிடும். குளிரில் மண் உருவாகவே நெடுங்காலம் ஆவதால் அந்தக் காயம் தானாக எளிதில் ஆறுவதில்லை. மலமும் குப்பையும் அங்கே மட்குவதும் மெதுவே.

ஆலி, பேத்னி, பக்ஜி புக்யால்களைக் காக்க அமைந்த உள்ளூர்ச் சங்கம் தொடுத்த வழக்கில், உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. புக்யால்களில் இரவு தங்கத் தடை, வருவோர் எண்ணிக்கைக்கு 200 என்ற உச்சவரம்பு, வணிக நோக்கிலான மேய்ச்சலுக்குத் தடை, அங்கே எழுப்பப்பட்டிருந்த நிலையான கட்டுமானங்களை அகற்றுதல் ஆகியன அதன் கூறுகள். உள்ளூர் மேய்ப்பரின் மேய்ச்சலுக்கு இடம் தரப்பட்டது. ரூப்குண்டத்துக்கான வணிகப் பயணங்கள் அதன் பிறகு நின்றன. வழிகாட்டிகள், சுமைதூக்குவோர், கழுதைக்காரர் எனப் பலருடைய பிழைப்பு இதனால் அடிபட்டது. தடையை எதிர்த்தோர் வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆயினும் வழக்கைத் தொடுத்ததும் மலைவாசிகளே என்பது கருதத்தக்கது.

மேய்ச்சலை முற்றிலும் நிறுத்துவதால் மட்டும் புல்வெளி செழிக்குமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பூக்களின் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் தடைசெய்யப்பட்ட பின் ‘அமேலா’ என்னும் உயரமான பூண்டு பெருகிப் பூச்செடிகளை நெருக்கியது. பூங்கா ஊழியர்கள் அதை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டியுள்ளது. கால்நடை அளவோடு மேய்வது வேறு, நூறு கூடாரங்கள் ஒரே இடத்தில் நிற்பது வேறு.

தயாராவில் உத்தரகாசி வனத்துறை ஒரு சீரமைப்பை மேற்கொண்டது. மழைநீர் அறுத்த ஓடைகளின் குறுக்கே, காய்ந்த ஊசியிலைகளைத் திரட்டிக் கட்டிய உருளைகளை மூங்கில் முளைகளால் நிறுத்தினர். மண் அரித்த சரிவுகளின்மேல் தேங்காய் நார் விரிப்புகளைப் பாய்போல் விரித்தனர். நார் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்து நிற்கும். அதற்குள் அதன் கண்களின் வழியே புல் முளைத்து வேர் பின்னிவிடும். பின் நார் மட்கி மண்ணோடு சேரும்.

இப்போது உத்தராகண்டில் நடத்தப்படும் பல நாள் பயணங்களில் கூடாரம் மர எல்லைக்குக் கீழே காட்டின் இடைவெளிகளில் போடப்படுகிறது. பகலில் புக்யாலுக்கு ஏறி, மாலையில் இறங்கிவிடுகின்றனர். விதிகளும் அனுமதிக் கட்டணமும் மாறக்கூடியவை. புறப்படும் முன் உரிய வனக்கோட்ட அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். புல்வெளியில் நடக்கும்போது தடம் சேறாக இருந்தாலும் அதன் நடுவிலேயே நடப்பது, கழிப்பதற்கு நீர்நிலையிலிருந்து எழுபது அடிவைப்புக்கு அப்பால் ஒரு சாண் குழி தோண்டி மூடுவது, ஈரத்துடைப்பான், சானிட்டரி நாப்கின், மிட்டாய் உறை ஆகியவற்றைப் பையில் போட்டுக் கீழே கொண்டுவருவது ஆகியன பயணி தாமே செய்யக்கூடியவை. ஆட்டு மந்தையைக் கண்டால் விலகிச் சுற்றிப் போக வேண்டும். கழுத்தில் முள்பட்டை அணிந்து சிறுத்தையிடமிருந்து ஆடுகளைக் காக்கும் போட்டியா நாய்கள், முன்பின் தெரியாத மனிதரையும் நெருங்க விடுவதில்லை. மேய்ப்பர் குரல் கொடுக்கும்வரை நின்று காத்திருப்பதே அங்குள்ள வழக்கம்.